காக்கைக் கூட்டத்துக்கு ஏன் ‘மர்டர்’ என்று பெயர்?

கேள்வி (வாசகி): மகளுக்கு ஆங்கிலத் தேர்வு. காக்கைக் கூட்டம் ‘மர்டர்’, சிங்கக் கூட்டம் ‘ப்ரைடு’, ஆந்தைக் கூட்டம் ‘பார்லிமென்ட்’ என்று ஒரு பக்கம் முழுக்க மனப்பாடம் செய்கிறாள். இதையெல்லாம் யார் வைத்தது? ஆங்கிலேயர்கள் நிஜமாகவே இப்படிப் பேசுகிறார்களா? தமிழிலும் இப்படி இருக்கிறதா?

நூலகன்: பெரும்பாலானவை வேட்டைக்காரப் பிரபுக்களின் பேச்சிலிருந்து வந்தவை. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எந்த விலங்குக்கு எந்தச் சொல் என்று தெரிந்திருப்பது உயர்குடி அடையாளம். 1486இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அச்சான வேட்டை நூலில் 160க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. சிங்கத்துக்கு ‘ப்ரைடு’ அதிலேயே இருக்கிறது. அதே பட்டியலில் வழக்கறிஞர் கூட்டத்துக்கு ‘எலோக்வென்ஸ்’, அதாவது நாவன்மை என்றும் போட்டிருக்கிறார்கள், அதனால் பாதிக்கு மேல் சொல் விளையாட்டுதான் என்பது என் கருத்து. ஆந்தைக்கு ‘பார்லிமென்ட்’ அந்தப் பட்டியலில் கிடையாது, பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

அலைகடல்: மீனுக்கு ‘ஸ்கூல்’ என்பதை விட்டுவிட்டீர்களே. அதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டம் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது, பள்ளிக்கூடம் கிரேக்க வழியில் வந்தது, எழுத்து மட்டும் ஒன்றாகிவிட்டது. அப்புறம், காக்கையைப் பற்றி எழுதும் பறவையியலாளர்கள் சாதாரணமாக ‘ஃப்ளாக்’ என்றுதான் எழுதுவார்கள். ‘ப்ரைடு’ மட்டும் ஆய்விலும் புழங்குகிறது.

கீழத்தெரு: தமிழ் வேறு இடத்தில் நுணுக்கம் காட்டியது. தொல்காப்பிய மரபியலைத் திறந்தால் முதல் நூற்பாவிலேயே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் களிறு, பிடி, பெடை, பிணை என்று நீள்கிறது. கூட்டத்துக்கும் சொல் இல்லாமல் இல்லை: மாட்டுக்கு ஆநிரை, அதைக் கவர்வதையும் மீட்பதையும் வைத்து வெட்சி, கரந்தை என்ற போர்த் திணைகள் உண்டாயின. எனக்குப் பிடித்தது கிடை. அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்து வைப்பார்கள், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், மறுநாள் பக்கத்து வயலுக்கு வலையை மாற்றிக் கட்டுவார்கள். அந்த ஆட்டுக் கூட்டத்துக்கும் கிடை என்றே பெயர். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், இன்றும் சொல்கிற சொல், மகளுக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள்.

வாசகி: நன்றி. தேர்வுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கட்டும், 1486 கதையை இன்று ராத்திரியே சொல்லிவிடுகிறேன்.