‘ஃபிடூசியரி ட்யூட்டி’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

இயக்குநர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் இயக்குநரின் கடமைகளைச் சொல்லும் 166ஆம் பிரிவையும் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தையும் சேர்த்து விளக்குவது. ‘ஃபிடூசியரி ட்யூட்டி’ (நம்பி ஒப்படைத்தவரின் நலனுக்காகவே நடக்கும் கடமை), ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ (சொந்த நலன் அந்தக் கடமையோடு மோதுவது) இரண்டுக்கும் சொல் வேண்டும். வரைவில் ‘நம்பிக்கைப் பொறுப்பு’, ‘ஆதாய முரண்’ என்று போட்டிருக்கிறேன். ஆனால் அதே பக்கத்தில் ‘லயபிலிட்டி’யும் பொறுப்பு என்றே வருகிறது. இயக்குநர் கைக்காசைக் கட்ட வேண்டுமா, நேர்மையாக நடந்தால் போதுமா என்று படிப்பவர் குழம்புவார்.

---

‘அடைக்கலம்’ இருக்க வேறு சொல் தேடுவானேன்? கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். அடை என்னும் வினையடியைப் பாருங்கள்: அடைதல், அடைத்தல், அடைமானம். பிறர் பொருள் கைக்கு வருவதும், அது குறையாமல் திரும்புவதும் இந்த ஒரே வேரில் நிற்கின்றன. ‘அடைக்கலக் கடமை’ என்பதே என் பரிந்துரை.

---

ஐயா, சொல் அழகு, இங்கே பொருந்தாது. அடைக்கலத்தில் பொருளைப் பெற்றவர் ஒப்படைத்தவருக்குத்தான் கடமைப்பட்டவர். திவாலில் சிக்கலே அங்கேதான். 166(2) உறுப்பினர், ஊழியர், பங்குதாரர், சமூகம், சுற்றுச்சூழல் என்று அடுக்குகிறது. கடன் கொடுத்தவர் அதில் இல்லை. நிறுவனம் தள்ளாடும்போது திவால் சட்டத்தின் 66(2) குறுக்கிடுகிறது. திவால் நடவடிக்கையைத் தவிர்க்க வழியில்லை என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், கடன் கொடுத்தவர்களின் இழப்பைக் குறைக்க உரிய கவனம் எடுக்காத இயக்குநரைத் தம் பணத்தைப் போடும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். எதையும் ஒப்படைக்காதவரின் நலன் அது. அங்கே சட்டம் கேட்பதும் கவனத்தை. ஆகவே 166(2), 166(4) இரண்டுக்கும் ‘நம்பகக் கடமை’, 66(2)க்கு ‘உரிய கவனம்’ என்று பிரித்துவிடுங்கள்.

‘ஆதாய முரண்’ வேண்டாம். 166(4) நேரடி நலன், மறைமுக நலன், முரண்படக்கூடிய நலன் மூன்றையும் பிடிக்கிறது. ஓர் இயக்குநர் வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்திருக்கிறார். நிறுவனம் மூழ்கும் நேரத்தில் மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டு அந்த வங்கிக்கு மட்டும் கட்டினால் அவர் பைக்குள் ஒரு ரூபாயும் வராது. ஜாமீன் சுமை மட்டும் இறங்கும். திவால் சட்டத்தின் 43ஆம் பிரிவு இப்படி ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை தருவதைத்தான் தேடுகிறது. தொடர்புடையவர் பலன் பெற்றிருந்தால் திவால் தொடங்கிய நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகள், மற்றவர் என்றால் 1 ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள். ‘ஆதாயம்’ என்று எழுதினால் இந்த இயக்குநர் தமக்கு அது பொருந்தாது என்றே நினைப்பார். ‘நலன் முரண்’ போதும்.

---

இலங்கையில் ‘ட்ரஸ்ட்’டுக்கே நம்பிக்கைப் பொறுப்பு என்றுதான் வழக்கு. இயக்குநர் ‘ட்ரஸ்டி’ அல்லர்; அதற்காகவாவது வரைவுச் சொல்லை மாற்றுங்கள். ‘நலன் முரண்’ சரி. ‘நல முரண்’ என்று எழுதிவிட வேண்டாம், உடல்நலம்போல ஒலிக்கும்.

---

நன்றி. ‘நம்பகக் கடமை’, ‘நலன் முரண்’, ‘உரிய கவனம்’ மூன்றையும் ஏற்றிவிட்டேன். பெரும்பாலோர் ஒப்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். திவால் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இயக்குநர் குழுவின் அதிகாரங்கள் ‘இடைநிறுத்தப்படும்’ என்றே வைக்கிறேன். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘குழு நீக்கப்படும்’ என்றிருந்தது. நீக்கப்பட்டவர் 19ஆம் பிரிவின்படி திவால் நடவடிக்கையை நடத்துபவரோடு ஒத்துழைக்க வேண்டியதில்லை என்று படிப்பவர் எண்ணிவிடலாம்.

---

நம்பகத்தை ஏற்கவில்லை. ‘நம்பகமான செய்தி’ என்கிறோம். அது பண்பு, கடமை ஆகாது. அது கிடக்கட்டும். ‘திவால்’ என்று எல்லோரும் எழுதுகிறீர்களே, சட்டத்தின் பெயரிலேயே ‘இன்சால்வன்சி’, ‘பாங்க்ரப்ட்சி’ என்று இரண்டு இருக்கின்றன. கடனைக் கட்ட முடியாத நிலை நொடிப்பு. ‘நொடித்துப் போனார்’ என்பது ஊர் அறிந்த பேச்சு. அந்த நிலையில் மீட்புத் திட்டம் தேடுவார்கள், கிடைக்காவிட்டால்தான் கலைப்பு. திவால் என்றாலே எல்லாம் முடிந்தது என்று மக்கள் புரிந்துகொள்வார்கள். மீட்பதற்குக் காலம் இருக்கும் நிறுவனத்தின் மேல் அந்தச் சொல்லை ஒட்டாதீர்கள். கையேட்டின் அட்டையிலாவது ‘நொடிப்பு’ வரட்டும்.