கலப்பு எண்ணும் முக்கோணவியலும் சேர்ந்து வரும் கணக்குகள்: தொடக்கமே பிடிபடவில்லை

பிளஸ்டூ_கணக்கு:
எல்லோருக்கும் வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. அணிகள் பாடம் நல்லபடியாக முடிந்தது. கலப்பு எண்கள் பாடத்திலும் பாதிவரை சரியாகத்தான் போனது, டி மாய்வர் தேற்றம் வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். இந்தக் கணக்கைப் பாருங்கள் (தட்டச்சு வசதிக்காகக் கோணங்களை அ, ஆ, இ என்று போடுகிறேன்).

காஸ் அ + காஸ் ஆ + காஸ் இ = 0
சைன் அ + சைன் ஆ + சைன் இ = 0
எனில், காஸ் 3அ + காஸ் 3ஆ + காஸ் 3இ = 3 காஸ் (அ + ஆ + இ) என நிறுவ வேண்டும்.

முதலில் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினேன். காஸ் (அ − ஆ) + காஸ் (ஆ − இ) + காஸ் (இ − அ) = −3/2 என்று வந்தது, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு காஸ் 3அ = 4 காஸ்³ அ − 3 காஸ் அ என்று விரித்தேன், 12 காஸ் அ காஸ் ஆ காஸ் இ என்ற இடத்தில் நின்றுவிட்டது. விடையைப் பார்த்தால் மூன்றே வரிதான். படித்தால் புரிகிறது, ஆனால் அந்த முதல் வரி எப்படித் தோன்றும் என்பதுதான் என் கேள்வி. இப்படி ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வித்தையை மனப்பாடம் செய்வதா? போன தேர்வில் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வந்தேன், அது இன்னும் உறுத்துகிறது.

கவராயம்:
தம்பி, நீ செய்தது எதுவும் வீண் இல்லை, அந்த −3/2 உட்பட. அதற்குப் பிறகு வருகிறேன்.

கேள்வியில் ஒரே கோணங்களின் காஸும் சைனும் ஜோடியாக நிற்கின்றன, இரண்டின் கூடுதலும் பூச்சியம். இப்படி ஜோடியைப் பார்த்தாலே சைன் வரியை ஐ-யால் (அதாவது √−1-ஆல்) பெருக்கி, காஸ் வரியோடு கூட்டிவிடு. ப = காஸ் அ + ஐ சைன் அ, அதே மாதிரி ஆ-வுக்கு ம, இ-க்கு த. இரண்டு சமன்பாடுகள் ஒன்றாகிவிட்டன: ப + ம + த = 0. அப்புறம் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தது: மூன்றின் கூடுதல் பூச்சியம் என்றால் ப³ + ம³ + த³ = 3 ப ம த. டி மாய்வர் தேற்றத்தைப் போட்டால், அதாவது (காஸ் அ + ஐ சைன் அ)³ = காஸ் 3அ + ஐ சைன் 3அ என்று எழுதினால், இடப்பக்கம் 3அ, 3ஆ, 3இ, வலப்பக்கம் (அ + ஆ + இ). மெய்ப்பகுதிகளைச் சமப்படுத்தினால் உன் விடை, கற்பனைப் பகுதிகளைச் சமப்படுத்தினால் சைனுக்கான விடையும் கூடவே கிடைக்கும்.

மூன்று வரி என்றாயே, அது இதுதான். ஆனால் இதோடு நிறுத்தினால் மறுபடியும் மனப்பாடம்தான். ஒரு தாளை எடுத்து ஆரம் 1 உள்ள வட்டம் போடு. ப, ம, த மூன்றும் அந்த வட்டத்தின் மேல் இருக்கும் புள்ளிகள். கூடுதல் பூச்சியம் என்றால் முக்கோணத்தின் நடுக்கோட்டுச் சந்தி (0, 0)-இல் இருக்கிறது. சுற்றுவட்ட மையமும் அதே (0, 0). இரண்டும் ஒரே புள்ளியில் இருந்தால் அது சமபக்க முக்கோணமாகத்தான் இருக்க முடியும். ஆக மூன்று கோணங்களும் ஒன்றுக்கொன்று 120° தள்ளி நிற்கின்றன. இப்போது உன் −3/2-ஐப் பார்: காஸ் 120° = −1/2, அது மூன்று முறை. நீ கண்டுபிடித்தது இந்த முக்கோணத்தைத்தான், படம் போடாததால் கண்ணில் படவில்லை. கோணங்கள் அ, அ + 120°, அ + 240° என்றால் மும்மடங்காக்கும்போது 360°, 720° கூடி மூன்றும் ஒரே திசைக்கு வந்துவிடும். இடப்பக்கம் 3 காஸ் 3அ. கூடுதலோ 3அ + 360°, அதனால் வலப்பக்கமும் 3 காஸ் 3அ.

நீயே ஒன்று செய்து பார்: காஸ் 2அ + காஸ் 2ஆ + காஸ் 2இ எவ்வளவு?

டியூஷன்_அக்கா:
மேலே சொன்னதையே நானும் சொல்வேன், படம் இல்லாமல் இந்தப் பாடத்தைத் தொடாதே. கலப்பு எண்ணைத் தளத்தில் வரைந்து காட்டி 1797-இல் கட்டுரை கொடுத்த வெசல் நில அளவை வேலை பார்த்தவர், ஒரு நில அளவையாளர் கையிலிருந்து இது வந்தது எனக்கு ரொம்பப் பொருத்தமாகத் தோன்றும்.

என் மாணவர்கள் திரும்பத் திரும்பத் தடுமாறுவது 1 + காஸ் தீட்டா + ஐ சைன் தீட்டா வரும் இடத்தில். காஸ் தீட்டா + ஐ சைன் தீட்டாவை இசட் என்று வை. 0, 1, இசட், 1 + இசட் நான்கையும் புள்ளியாக வைத்தால் பக்கம் 1 உள்ள சாய்சதுரம். மூலைவிட்டம் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும், அதனால் 1 + இசட்டின் வீச்சு (மெய் அச்சோடு அது செய்யும் கோணம்) தீட்டா/2, நீளம் 2 காஸ் (தீட்டா/2). ஆனால் தீட்டா 180°-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும், அங்கே காஸ் (தீட்டா/2) குறை எண். 240° போட்டுப் பார்: 1/2 − ஐ√3/2 வரும், மட்டு மதிப்பு 1, முதன்மை வீச்சு −60°, 120° இல்லை.

இதே போலத்தான் −1 − ஐ√3. டேன் மதிப்பு √3 என்று பார்த்ததும் 60° என எழுதிவிடுகிறார்கள். புள்ளி மூன்றாம் கால்பகுதியில் இருக்கிறது, முதன்மை வீச்சு −120°. விடைத்தாளின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துப் பார்த்திருந்தால் அந்தத் தப்பு நடக்காது.

வடபுலத்தான்:
நான் இலங்கையில் உயர்தரம் படித்தவன். எங்களுக்கு இது இணைந்த கணிதத்தில் வரும், சிக்கலெண் என்று சொல்வோம். எங்கள் ஆசிரியர் வரிப்படம் கீறாமல் ஒரு வரியும் எழுத விடமாட்டார், அந்தப் பழக்கம் பின்னர் மிகவும் உதவியது. ஒரு எளிய உதாரணம்: |இசட் − 3 − 4ஐ| = 2 எனில் |இசட்| எந்த இரண்டு பெறுமானங்களுக்கு இடையில் இருக்கும்? இசட்டை இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதத் தொடங்கினால் பக்கம் நிரம்பிவிடும். மையம் (3, 4), ஆரம் 2 என்று வட்டத்தைக் கீறினால், மையம் (0, 0)-இலிருந்து 5 தூரத்தில் இருக்கிறது, ஆகவே 3 முதல் 7 வரை. வேறு வேலையே இல்லை.

பிளஸ்டூ_கணக்கு:
கவராயம் அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. வட்டம் போட்டு மூன்று புள்ளி வைத்துப் பார்த்தேன். கோணங்களை இரட்டித்தால் 2அ, 2அ + 240°, 2அ + 480°. 480° என்றால் ஒரு சுற்றுப் போக 120° தானே, அப்போது மறுபடியும் அதே மாதிரி சமபக்க முக்கோணம், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. அதனால் காஸ் 2அ + காஸ் 2ஆ + காஸ் 2இ = 0, சைனுக்கும் 0. சரியா?

நான்கு மடங்கு, ஐந்து மடங்கும் போட்டுப் பார்த்தேன், அவையும் 0 வருகின்றன. 3, 6, 9 மடங்கில்தான் மூன்று புள்ளியும் ஒன்றாகச் சேருகின்றன.

கவராயம்:
சரிதான் தம்பி. இதையே வழக்கமான முறையிலும் ஒரு தடவை எழுதிப் பழகு, தேர்வில் அது வேண்டும்: ஆரம் 1 என்பதால் 1/ப என்பது ப-வின் இணை எண் (ஐ உள்ள பகுதியின் குறி மட்டும் மாறியது), ஆகவே 1/ப + 1/ம + 1/த = 0, அதிலிருந்து பம + மத + தப = 0, பிறகு ப + ம + த-வை வர்க்கப்படுத்து.