கத்தரிக்கோல் பிடித்த கையும் மடங்கிய முழங்கையும்

தையல் அக்கா:
போன தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் எத்தனை பிளவுஸ் வெட்டினேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. என் வலது முன்கை வைத்திருந்தது. மாலையில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் விரல்கள் உடனே விரியாது. முழங்கைக்குக் கீழே சதை, முறுக்கிய கயிறாக விறைத்திருக்கும். தைலம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. அந்த நேரத்துக்குச் சுகம், அவ்வளவுதான்.

மணிக்கட்டை மடக்கி இழுக்கும் பயிற்சியையும் ஒரு மாதம் செய்தேன். பலனில்லை. பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் அதைச் செய்து காட்டியபோது, சிரித்துக்கொண்டே என் முழங்கையைத் தட்டி நிமிர்த்தினார். "இதை மடக்கிக்கொண்டு செய்தால் எப்படி அக்கா இழுக்கும்?" மணிக்கட்டை அசைக்கும் தசைகளில் பல, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு மேட்டில் தொடங்குகின்றனவாம். முழங்கை மடிந்தால் அவை தளர்ந்துவிடும். ஒரு மாத உழைப்பு வீண்!

இப்போது கையை முன்னால் நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க மணிக்கட்டைக் கீழே மடக்கி, மற்றொரு கையால் புறங்கையை மெல்ல என் பக்கம் அழுத்துகிறேன். 20 நொடி. முன்கையின் மேற்புறம் முழுவதும் இழுபடுவது தெரிகிறது. பிறகு உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களைத் தரைப் பக்கம் சாய்த்து இழுத்தால் உட்புறம். மூன்று மூன்று தடவை. இழுபட வேண்டும், வலிக்கக் கூடாது. வேலைக்கு நடுவிலேயே செய்துவிடுகிறேன். இரவுக்கு என்று தள்ளினால் அது நடப்பதில்லை.

மெய்ப்புத் திருத்துபவர்:
நான் இறுக்கம் என்று நினைத்தது இறுக்கமே இல்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் நடு இரவில் எழுந்து கையை உதறுவேன். இன்னும் பலமாக இழுத்தேன், இன்னும் மோசமானது. மணிக்கட்டுக்குள் குறுகலான வழியில் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் போகிறது, அதுதான் நசுங்குகிறது என்றார் மருத்துவர். இரவில் மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை கட்டிக்கொண்டு தூங்குகிறேன். மரத்துப்போகிறவர்கள் முதலில் காட்டிவிடுங்கள்.

இன்னொரு தையற்காரர்:
அக்கா, கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்து எத்தனை நாளாகிறது? மழுங்கியதை வைத்து வெட்டினால் இரண்டு பங்கு பலம் போகும்.

தையல் அக்கா:
தீபாவளிக்கு முன்பு பிடித்தது, தம்பி. நாளைக்கே கொடுத்துவிடுகிறேன்.