மறு: மூளையின் ‘பிரெடிக்‌ஷன்’ – முன்கணிப்பா, கணிப்பா?

ஆய்வு மாணவர் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே ஒலியைக் கேட்டாலும் ஒரே படத்தைப் பார்த்தாலும் ஆளுக்கு ஆள் மூளை கணிக்கும் விதம் ஏன் மாறுகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வுக்கு வருகிறவர்களில் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள். அவர்கள் கையில் தரும் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் அவர்களுக்குப் புரியும் தமிழில் இருந்தாக வேண்டும். வரைவில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

பிரெடிக்‌ஷன் – முன்கணிப்பு
பிரெடிக்‌ஷன் எரர் – முன்கணிப்புப் பிழை
பிரையர் – முன்அனுமானம்
பிரிசிஷன் – துல்லியம்
இண்டிவிஜுவல் டிஃபரன்சஸ் – தனிநபர் வேறுபாடுகள்

இதைப் படித்த ஓர் அம்மா, “பிழை வந்தா என்னைத் திருப்பி அனுப்பிடுவீங்களா தம்பி?” என்று கேட்டார். சொற்களை மாற்றியாக வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. உதவுங்கள்.

மறுமொழி:

வணக்கம்.

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. தேர்வில் தோற்றுவிடுவோமோ என்ற பதற்றத்தோடு உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வரும் அளவீடு, பதற்றம் இல்லாதவருடையதைப் போல இருக்காது. உங்கள் ஆய்வே தனியாள் வேறுபாட்டைப் பற்றியது. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கை உங்கள் படிவத்தின் சொல்லே உண்டாக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கிறேன்.

> பிரெடிக்‌ஷன் – முன்கணிப்பு

‘முன்’ வேண்டாம், ‘கணிப்பு’ போதும். மழைக்கும் தேர்தலுக்கும் முன்கணிப்பு சரி; நாளை நடக்கப்போவதை இன்றே சொல்வது அது. மூளை செய்வதில் பெரும்பகுதி அந்த வேலை இல்லை. கண்ணில் விழும் ஒளியை மட்டும் வைத்து எதிரே இருப்பது என்ன என்று முடிவு செய்துவிட முடியாது. அந்த ஒளி எதிலிருந்து வந்திருக்கும் என்று நமக்குத் தெரியாமலே மூளை கருதிக்கொள்கிறது என்று 1860களிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதினார். அந்தக் கருதல் நாளையைப் பற்றியது இல்லை, இந்த நொடியைப் பற்றியது. காண்டல், கருதல், உரை என்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, பிரித்து வைத்த சைவ சித்தாந்த மரபு நம்மிடம் இருக்கிறது. காண்டலுக்குள்ளேயே ஒரு கருதல் ஒளிந்திருக்கிறது என்பதுதான் ஹெல்ம்ஹோல்ட்ஸின் வாதம். ஆகவே அவர் கருத்துக்கு ‘உணராக் கருதல்’ என்று பெயர் வைத்தால் நம் மரபோடு ஒட்டும்.

இந்தத் துறையின் அடிப்படைக் கட்டுரை ராஜேஷ் ராவும் டானா பலார்டும் 1999இல் எழுதியது. பார்வைப் புறணியில், அதாவது பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியில், மேல் அடுக்கு, கீழ் அடுக்கில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று கணித்துக் கீழே அனுப்புகிறது. கணிப்பில் அடங்காதது மட்டும் மேலே ஏறுகிறது. அவர்கள் தங்கள் கணினி மாதிரிக்குக் கொடுத்தவை அசையாத இயற்கைக் காட்சிப் படங்கள். அடுத்த நொடி என்ற பேச்சுக்கே அங்கு இடம் இல்லை. இதே ராஜேஷ் ராவ்தான் 2009இல் ஐராவதம் மகாதேவன் உள்ளிட்டோரோடு சேர்ந்து சிந்துவெளிக் குறிகளைப் பற்றி ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஒரு குறி வந்தபின் அடுத்து வரும் குறியை எந்த அளவுக்கு ஊகிக்க முடிகிறது என்பதை அங்கே கணக்கிட்டார்கள். அது உண்மையிலேயே ‘அடுத்தது என்ன’ என்ற கேள்வி. ஆக, ஒரே அறிஞரின் இரண்டு வேலைகளில் இரண்டு வகைக் கணிப்புகள் இருக்கின்றன. ‘கணிப்பு’ என்றால் இரண்டையும் தாங்கும். ‘முன்கணிப்பு’ என்றால் முதல் வகையை நாமே வெளியே தள்ளிவிடுகிறோம்.

‘ஜாதகம் கணிப்பது நினைவுக்கு வராதா’ என்று சிலர் கேட்கக்கூடும். வரட்டும். கையில் இருக்கும் குறைந்த தகவலை வைத்து ஒரு முடிவுக்கு வருவதுதான் அந்த வினை. மருத்துவர் நாடி பிடித்து நோயைக் கணிப்பதும் அதே வினைதான்.

> பிரெடிக்‌ஷன் எரர் – முன்கணிப்புப் பிழை

பயம் ஒரு புறம் இருக்க, இந்தச் சொல்லை விடுவதற்கு அறிவியல் காரணமும் உண்டு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மாண்டேகு மூவரும் 1997இல் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் குரங்குக்குப் பழச்சாறு கிடைத்தால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பு கூடுகிறது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று அது பழகிவிட்ட பிறகு, சாறு வரும்போது துடிப்பு மாறுவதில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் துடிப்பு குறைகிறது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று இரு திசை இருக்கிறது. பிழைக்கு ஏது திசை? ‘நேர்ப் பிழை’ என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார்.

முந்தைய மடலில் ஒருவர் ‘எச்சம்’ என்றார். பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் ஊறிய சொல். கணித்தது போக மிஞ்சியது என்ற பொருளும் அழகாக வருகிறது. ஆனால் மிஞ்சுவதற்கும் எதிர்த்திசை கிடையாது. சாறு வராத நேரத்தில் துடிப்பு குறைவதை எச்சம் என்று சொல்ல வழியில்லை. அதனால் என் பரிந்துரை ‘கணிப்பு விலகல்’. மேல்விலகல், கீழ்விலகல் என்று பிரிக்கலாம், யார்மீதும் குற்றம் சுமத்தாது, பேச்சுவழக்கிலும் புரியும்.

ஒலிச் சோதனைக்கும் இது பொருந்தும். ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவே மாறுபட்ட ஒலி வந்தால், கேட்பவர் கவனிக்காவிட்டாலும் மூளையின் மின்னலையில் ஓர் இறக்கம் தெரியும் என்று பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானன் குழு 1978இல் காட்டியது. அதற்குப் ‘பொருந்தாமை அலை’ என்று பெயரிடலாம். அங்கே பிழை செய்தவர் யாரும் இல்லை. ஒலிதான் மாறியது.

> பிரையர் – முன்அனுமானம்

‘முன்’னை இங்கே வையுங்கள். இது உண்மையிலேயே முன்னதாகக் கையில் இருப்பது. ஆனால் அனுமானம் என்பது ஒரு செயல். இதுவோ செயலுக்கு முன்பே கொண்டிருப்பது. கருதுகோள், மேற்கோள், குறிக்கோள் என்ற வரிசையில் ‘முற்கோள்’ என்கிறேன். புலன் செய்தி வந்து சேர்ந்தபின் திருந்தி நிற்பது ‘பிற்கோள்’. முற்பகல், பிற்பகல் போல இணையாக அமைகிறது.

2015 பிப்ரவரியில் இணையத்தையே இரண்டாகப் பிளந்த அந்த உடையை வைத்து இதை விளக்கலாம். சிலருக்கு அது நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும். உண்மையான உடை நீலம், கறுப்பு. 13,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு பாஸ்கல் வாலிஷ் 2017இல் வெளியிட்ட ஆய்வில், உடை நிழலில் இருக்கிறது என்று கொண்டவர்கள் அதை வெள்ளை–பொன்னிறமாகக் காணும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. விடியலில் எழுகிறவர்களிடமும் அந்தச் சாய்வு கூடுதல். பகல் வெளிச்சத்தில் அதிகம் வாழ்ந்த கண் ஒரு முற்கோளையும், விளக்கொளியில் அதிகம் வாழ்ந்த கண் இன்னொன்றையும் சேர்த்துவைத்திருக்கும் என்பது அவர் தரும் விளக்கம். தனியாள் வேறுபாட்டுக்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

> பிரிசிஷன் – துல்லியம்

இதைக் கட்டாயம் மாற்றுங்கள். துல்லியம் பாராட்டுச் சொல். நம் காதில் அது எப்போதும் நல்லது. இந்தக் கோட்பாட்டில் ‘பிரிசிஷன்’ என்பது ஒரு செய்தியை மூளை எவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்கிறது என்பது. கணக்கில் சொன்னால் மாறுபாட்டின், அதாவது மதிப்புகள் சிதறியிருக்கும் அளவின், தலைகீழி. அந்த உறுதி தவறான இடத்திலும் விழலாம். ‘திட்பம்’ என்று வைக்கலாம். வினைத்திட்பம் என்று குறளில் ஓர் அதிகாரமே இருப்பதால் சொல் யாருக்கும் அந்நியம் இல்லை.

முற்கோளையும் திட்பத்தையும் ஏன் கவனமாகப் பிரிக்க வேண்டும் என்றால், ஆட்டிசம் பற்றிய விவாதமே அந்த இடத்தில்தான் நடக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் முற்கோள் வலுக்குறைந்தது, அதனால் உலகம் அவர்களுக்கு வடிகட்டப்படாமல் வந்து சேர்கிறது என்று எலிசபெத் பெல்லிகானோவும் டேவிட் பர்ரும் 2012இல் முன்வைத்தார்கள். சாண்டர் வான் டி க்ரூய்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வேறு வழி சொன்னார்கள்: முற்கோளில் சிக்கல் இல்லை, ஒவ்வொரு சிறு விலகலுக்கும் மூளை மிகுந்த திட்பம் தருகிறது, எதையும் ‘இது சும்மா வந்த சலசலப்பு’ என்று விட முடிவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நடத்தையாகத் தெரியும். சொல் ஒன்றாக இருந்தால் இந்த வேறுபாட்டைத் தமிழில் எழுதவே முடியாது.

மறுபக்கமும் உண்டு. 2017இல் பவர்ஸ், மாத்திஸ், கார்லெட் மூவரும் ஓர் ஒலியையும் கட்டம்போட்ட படத்தையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டினார்கள். பிறகு படம் மட்டும் வந்தபோதும் ஒலி கேட்டதாகப் பலர் சொன்னார்கள். அன்றாட வாழ்வில் குரல்கள் கேட்பவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. அவர்களில் மனநோய் எதுவும் இல்லாதவர்களும் உண்டு. முற்கோளுக்கு அளவுமீறிய திட்பம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை இது காட்டுகிறது. எனவே தகவல் தாளில் எங்கும் ‘கணிப்புக் குறைபாடு’ என்று எழுதிவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் அதைப் படிப்பார். குரல் கேட்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஆய்வு கண்டது வேறுபாட்டை. குறைபாடு என்ற தீர்ப்பை நாம் சேர்க்க வேண்டியதில்லை.

> தனிநபர் வேறுபாடுகள்

ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் ‘தனியாள் வேறுபாடு’ புழங்கி வருகிறது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருத்தின் வரலாறு உளவியலுக்கு முந்தியது. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் உதவியாளர் கின்னிப்ரூக், தொலைநோக்கியில் உள்ள கம்பியை விண்மீன் கடக்கும் நேரத்தைத் தலைமை வானியலாளர் மாஸ்கெலின் குறித்ததைவிட ஏறக்குறைய 0.8 நொடி தாமதமாகக் குறித்தார். 1796இல் வேலை போனது. கடிகார ஒலியைக் காதால் கேட்டபடி கண்ணால் விண்மீனைத் தொடரும் வேலை அது. பின்னர் ஜெர்மன் வானியலாளர் பெசல் ஆராய்ந்து, தேர்ந்த வானியலாளர்களுக்கிடையிலும் இப்படி நிலையான வேறுபாடு இருக்கிறது என்று காட்டினார். தவறு என்று சொல்லி ஒருவரை வெளியேற்றிய விஷயம் இன்று உங்கள் துறையாகியிருக்கிறது. ‘பிழை’யை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு இதுவும் காரணம்.

‘கணிப்புப் பாங்கு’ என்ற சொல்லையும் இப்போதைக்குத் தவிர்க்கலாம். பாங்கு என்றால் ஒருவரிடம் நிலைத்திருப்பது என்று பொருள்படும். எல்லோரிடமும் தவறாமல் விளைவைத் தரும் சோதனை, ஆட்களை வரிசைப்படுத்த உதவாமல் போகலாம். எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால்தான் விளைவு அவ்வளவு உறுதியாகத் தெரிகிறது. ஹெட்ஜ், பாவெல், சம்னர் 2018இல் இந்த முரணை விரிவாகக் காட்டினார்கள். அதே ஆளை மறுபடி அழைத்து அளந்து, எண் ஒத்துவந்தபின் பாங்கு என்று சொல்லுங்கள்.

அன்புடன்.

புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் எழுதியது:

மறுமொழி எழுதிய அம்மாவுக்கு வணக்கம். கணிப்பும் முற்கோளும் நன்றாக இருக்கின்றன. வகுப்பில் நானே பயன்படுத்தப்போகிறேன். ‘பிழை’யில் உடன்பட முடியவில்லை. திட்டப் பிழை, மாதிரிப் பிழை எல்லாம் பாடநூலில் வேரூன்றியவை. எங்கள் மாணவர்கள் பிழை என்றால் குற்றம் என்று எடுத்துக்கொள்வதில்லை. திட்டவிலக்கம் இருக்கும்போது ‘விலகல்’ என்று இன்னொன்று வந்தால் குழப்பம்தானே? ‘திட்பம்’ அழகான சொல், ஆனால் படிவம் படிக்கிற சாமானியருக்கு எட்டாது.

மறுமொழி:

ஐயா, திட்பம் பற்றி நீங்கள் சொல்வது சரி. அது ஆய்வேட்டுக்கு மட்டும் இருக்கட்டும். தகவல் தாளில் ‘எவ்வளவு உறுதியாக’ என்று சொன்னாலே போதும். விலகலில் மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. சராசரியிலிருந்து ஒரு மதிப்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் புள்ளியியலின் விலக்கம். சராசரியையே கணிப்பாக எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான். உறவுள்ள கருத்துக்கு உறவுள்ள சொல் அமைவதில் குழப்பம் வராது. பழைய ‘திட்டப் பிழை’ அப்படியே இருக்கட்டும். அதை யாரும் தொடவில்லை.

ஆய்வு மாணவர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆய்வேட்டில் கணிப்பு, கணிப்பு விலகல், முற்கோள், பிற்கோள், திட்பம், தனியாள் வேறுபாடு என்று எழுதுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘கணிப்பு விலகல் (புள்ளியியலார் பிழை என்பர்)’ என்று குறிக்கிறேன். தகவல் தாளின் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“உங்கள் காதில் ஒரே மாதிரி ஒலிகள் தொடர்ந்து கேட்கும். நடுநடுவே வேறு ஒலி வரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்; ஒலி இல்லாத ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அடுத்து எது கேட்கும், இப்போது கண்ணில் படுவது என்ன என்று நம் மூளை எப்போதும் கணித்துக்கொண்டே இருக்கிறது. கணித்ததும் வந்ததும் எவ்வளவு விலகுகின்றன என்பதைத் தலையில் வைக்கும் கருவி பதிவு செய்யும். இது ஆளுக்கு ஆள் மாறும். இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம்.”

‘ஒலி இல்லாத ஒரு படம்’ என்பது சினிமாவைக் குறிக்கிறது என்று புரிகிறதா, சுவரில் மாட்டும் படம் என்று எடுத்துக்கொள்வார்களா? அறநெறிக் குழுவுக்கு அனுப்புவதற்குள் சொல்லுங்கள்.