மறு: வில் செய்யும் தொன்மையான மரத்துக்குச் சொல் – ‘புதைமரம்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

சேற்றடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்து, இன்று கைவில் செய்வோரிடம் வந்து சேரும் மரத்துக்குப் ‘பழமரம்’, ‘சதுப்புமரம்’, ‘கல்மரம்’ என மூன்று பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. பழமரம் என்றால் கனி தரும் மரமே நினைவுக்கு வரும். சதுப்புமரம் நம்மை அலையாத்திக் காட்டில் கொண்டுபோய் விடும். கல்மரமோ சிலிக்கா ஊறிக் கல்லாகவே மாறிவிட்டது. இழைப்புளிக்கு அதில் வேலையில்லை. நாம் பேசும் பொருள் இன்னும் மரம்தான். அறுக்கலாம், இழைக்கலாம், தீயிலிட்டால் எரியும்.

‘புதைமரம்’ என்று சொல்லலாம். இதன் இயல்பெல்லாம் புதைந்து கிடந்ததால் வந்தவை. காற்றுப் புகாத ஈரச்சேற்றில் மரத்தை அரிக்கும் பூஞ்சை வளராது. கருவாலி (ஓக்) மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், நீரில் கரைந்த இரும்போடு கூடி, உள்மரமான வைரம் வரை கறுக்கிறது. நியூசிலாந்தின் வடபகுதியில் தோண்டியெடுக்கும் கவுரி என்னும் பெருமரங்களில் 45,000 ஆண்டுப் பழமையானவையும் உண்டு. ஆனால் அவை பொன்பழுப்பாகவே இருக்கின்றன. ஆகவே ‘கருமரம்’ என்பதும் பொருந்தாது.

‘புதைபடிவம்’ என்பதோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘மரம்’ என்ற ஈறே அந்த ஐயத்தைத் தீர்க்கும் என நம்புகிறேன். பழைய வீட்டு உத்தரங்களைப் பிரித்தெடுத்துச் செய்யும் வில்லும் இருக்கிறது. அதற்கு ‘மீட்புமரம்’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் உலர்ந்தே இருந்த உத்தரமும் சேற்றில் ஊறிய அடிமரமும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்தக் காரணம் வில்லின் வேலைதான். நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, எய்பவரை நோக்கிய பக்கம் அமுங்குகிறது. நீண்டகாலம் நீரில் ஊறிய மரத்தில் இழைகளைப் பிணைக்கும் லிக்னினைவிட முன்னதாக, இழைகளாக அமைந்த செல்லுலோசு சிதைகிறது; இழுவிசையைத் தாங்குவதே அந்தச் செல்லுலோசுதான். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் உருக்குலையாமல் கிடைத்தன. அந்த உருவத்தைப் பார்த்து வலுவும் அப்படியே இருக்கும் என்று கருதிவிடக் கூடாது. ஆகவே புதைமரத்துக்கு ஏற்ற இடம், வளையாத கைப்பிடியும் வில்லின் இரு நுனிகளும்.

நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்குக் ‘குதை’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ‘நாண் பொருத்துமுனை’ என்று நீட்டி எழுதுவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. ‘புதைமரக் குதை’ என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கச்சிதமாக அமைகிறது!

அகராதிக்கான வரைவு:

புதைமரம் (பெ.): காற்றுப் புகாத ஈரமண்ணில் நெடுங்காலம் புதைந்திருந்தும் கல்லாகாமல், இழைக்கத்தக்க நிலையில் உள்ள மரம்.

ஒற்று மிகுவது பற்றி ஒரு குறிப்பு: புதைபொருள், புதைகுழி போல இதுவும் வினைத்தொகை. ஆகவே மரவகையைச் சேர்த்து எழுதும்போது ‘புதைகருவாலி’ என்றே வரும், ‘புதைக்கருவாலி’ பிழை. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.