தட்டைமீன் இருப்பு மதிப்பீடு ஆண்டுதோறும் கீழிறங்குவது ஏன்?

கேள்வி (வெள்ளவத்தை மாணவன்):
வணக்கம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அப்பால் அத்திலாந்திக்கிலுள்ள ஆழங்குறைந்த மீன்பிடித் திட்டான ஜோர்ஜஸ் திட்டில் பிடிபடும் மஞ்சள்வால் பிளவுண்டர் என்னும் தட்டைமீனின் பழைய இருப்பு மதிப்பீட்டு அறிக்கைகளை வரிசையாக வாசித்து வருகிறேன். ஓர் ஆண்டில் இவ்வளவு மீன் உண்டு எனக் கூறிய அதே கணித மாதிரி, அடுத்த ஆண்டின் தரவு சேர்ந்ததும் சென்ற ஆண்டில் அவ்வளவு இருக்கவில்லை எனத் திருத்துகிறது. பிழை ஏன் ஒரே பக்கம் சாய்கிறது? நம் கடலின் தட்டைமீன்களான நாக்குமீன்களுக்கு இவ்வகை மாதிரி பொருந்துமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற கடற்றொழில் உத்தியோகத்தர்):
தம்பி, பிழை மேலும் கீழுமாகச் சிதறினால் அதைத் தரவின் குறை எனலாம். ஒரே திசையில் சாய்ந்தால் மாதிரியின் எடுகோள் ஏதோ பொய்த்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். பதிவாகாத பிடிப்பு, மாறாதெனக் கருதிய இயற்கை இறப்பு உயர்ந்துவிட்டமை, ஆய்வுக் கப்பலின் வலையில் மீன் சிக்கும் வீதம் மாறியமை ஆகிய மூன்றும் கணக்கில் ஏறத்தாழ ஒரே தடத்தையே விடுவதால், சாய்வைப் பார்த்து மட்டும் காரணத்தைத் தீர்மானிக்க இயலாது. கனடாவும் அமெரிக்காவும் 2014இல் மீன்களை வயது வயதாகக் கணக்கிடும் அந்த வயதுவாரி மாதிரியைக் கைவிட்டு, ஆய்வுக் கப்பல்களின் பிடிப்பிலிருந்தே இருப்பை மதிப்பிட்டு அதில் ஒரு பங்கைப் பிடிக்கலாம் என்னும் எளிய முறைக்கு மாறின. அம்முடிவை நான் மதிக்கிறேன். பழுதான தராசுக்கு எத்தனை முறைதான் படிக்கல் மாற்றுவது?

மறுமொழி 2 (மட்டக்குளி வாசகர்):
ஐயா கூறிய எளிய முறை முழுப் பாரத்தையும் வலையின் மீது ஏற்றுகிறது. அச்சமுற்ற தட்டைமீன் மணலோடு ஒட்டிக் கிடக்கும். கரடுமுரடான தரைக்கென அடிக்கயிற்றில் பெரிய இறப்பர் உருளைகளைக் கோத்த வலையென்றால், அது உருளைகளுக்கடியில் நழுவிவிடும். சங்கிலி தரையை உரசிச் செல்லும் வலையையும் அருகருகே இழுத்து ஒப்பிட்டபோது, சங்கிலி வலையிலேயே தட்டைமீன் கூடுதலாகச் சிக்கியது. தப்பிய பங்கைச் சேர்க்காவிடில் இருப்பு குறைவாகவே தெரியும்.

மறுமொழி 3 (பேலியகொடை மீன் சந்தைக்கு அடிக்கடி செல்பவர்):
இரண்டாம் கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு இயலாது என்பதே. அம்மாதிரிக்கு மீனின் வயது தெரிய வேண்டும்; வயதை அறியச் செவிக்கல்லின் (மீனின் உட்செவியிலுள்ள சிறு கல்) வளையங்களை எண்ண வேண்டும். குளிர்காலம் இல்லாத நம் கடலில் அவை தெளிவாக விழுவதில்லை. ஆகவே நீள அளவுகளைக் கொண்டே தொடங்க வேண்டும். அதற்கும் தடையுண்டு: அதிகாலையில் நான் பார்த்த பெட்டிகளில் எருமைநாக்கு மட்டுமே தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது (Psettodes erumei என்னும் அதன் அறிவியற்பெயரிலேயே நம் ‘எருமை’ இருக்கிறது), சிறு நாக்குமீன்கள் எல்லாம் இனம் பாராமல் ஒன்றாகக் கிடந்தன. கடலடியை உரசி வலையிழுக்கும் அடித்தட்டு இழுவைமடி இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டதால், அதற்கு முந்திய பிடிப்புத் தரவையும் பிந்தியதையும் ஒரே தொடராக வாசிக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தட்டைமீன்களில் பெண்ணே பெரிதாக வளரும் என்பதால் நீளத்தைப் பால்வாரியாக எடுக்க வேண்டுமல்லவா? வியாபாரி மீனை அறுக்க விடமாட்டாரே.

மறுமொழி 3 எழுதியவர்:
அறுக்கத் தேவையில்லை. சிறிய மீனாயின் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். முதிர்ந்த பெண்ணின் சூலகம் வால் நோக்கி நீண்ட முக்கோண நிழலாகத் தெரியும்.