லினக்ஸ் லேப்டாப்பில் திரை தானாகத் திரும்புவது: மூன்று ஊர் நண்பர்கள் பார்த்ததும் சரிசெய்ததும்

கும்பகோணம்
மடக்கும் டச் லேப்டாப்பை நெல் மூட்டை மேல் சாய்த்து வைத்தாலோ, மன்னார்குடி பஸ்ஸில் மடியில் வைத்தாலோ திரை பக்கவாட்டில் படுத்துவிடும். உள்ளிருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் சாய்வை அளக்கிறது. அதைப் படித்து டெஸ்க்டாப்புக்குச் சொல்வது ஐஐஓ-சென்சார்-ப்ராக்ஸி என்ற சர்வீஸ். க்னோம் டெஸ்க்டாப்பில் முதலில் சூப்பர் (விண்டோஸ் விசை) + ஓ அழுத்துங்கள். சுழற்சி பூட்டிக்கொள்ளும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

திருவாரூர்
அண்ணே, அந்தப் பூட்டு அந்தந்த யூசருக்கு மட்டும்தான். லாகின் திரை அப்போதும் திரும்பும். மொத்தமாக நிறுத்த அந்த சர்வீஸை மாஸ்க் செய்யணும், அதாவது தொடங்கவே முடியாதபடி தடுக்கணும். டெர்மினலில் சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க், அடுத்து இரட்டைக் கோடு போட்டு நவ், கடைசியில் சர்வீஸ் பெயர். வெறும் ஸ்டாப் கொடுத்தால் ரீபூட் ஆனதும் யூடெவ் (சாதனங்களைக் கண்டறிந்து கவனிக்கும் லினக்ஸ் பகுதி) திரும்ப எழுப்பிவிடும். மாஸ்க் செய்யும் நேரத்தில் திரை எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும், பயப்பட வேண்டாம். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே போய் லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுங்கள். ஒரு இழப்பு உண்டு: வெளிச்சத்துக்கேற்ப பிரைட்னஸ் மாறுவதும் இதே சர்வீஸ் வழியாகத்தான், அதுவும் நின்றுபோகும்.

மயிலாடுதுறை
மாஸ்க் செய்வதற்கு முன் ஒரு சோதனை அவசியம். டெர்மினலில் மானிட்டர்-சென்சார் என்று ஓட்டுங்கள். மேசையில் நேராக இருக்கும்போது 'நார்மல்' என்று வந்தால் சென்சார் சரி, பூட்டினால் போதும். நேராக இருந்தும் 'லெஃப்ட்-அப்', 'பாட்டம்-அப்' என்று வந்தால், சென்சார் சில்லு போர்டில் திரும்பிய நிலையில் பதிந்திருக்கிறது. அதைச் சிஸ்டத்துக்குச் சொல்ல யாருமில்லை, அவ்வளவுதான். இதற்கு மாஸ்க் மருந்தல்ல. /எட்சி/யூடெவ்/எச்டபிள்யூடிபி.டி அடைவில் (வன்பொருள் விவரக் கோப்புகள் இருக்கும் இடம்) 61-சென்சார்-லோக்கல் என்ற கோப்பு உருவாக்கி, அதற்கு எச்டபிள்யூடிபி நீட்டிப்பு கொடுங்கள். முதல் வரியில் சென்சாரின் மோட்அலியாஸ், அதாவது அந்தச் சில்லை அடையாளம் காட்டும் குறியீடு. இரண்டாம் வரியில் ஆக்செல்_மவுண்ட்_மேட்ரிக்ஸ், சமக்குறி, பிறகு சில்லு திரும்பியிருக்கும் விதத்தைச் சொல்லும் மதிப்பு. தலைகீழாக இருந்தால் -1, 0, 0; 0, -1, 0; 0, 0, 1. இரண்டாம் வரிக்கு முன் ஒரு ஸ்பேஸ் கட்டாயம். அது விட்டுப்போனால் வரியை யூடெவ் எடுத்துக்கொள்ளாது, பலரும் தடுக்கி விழும் இடம் இது. பிறகு சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட், யூடெவாட்ம் ட்ரிக்கர், சர்வீஸ் ரீஸ்டார்ட். மறுபடி மானிட்டர்-சென்சார் ஓட்டிப் பாருங்கள்.

திருவாரூர்
திரையைக் கையால் திருப்பும் எக்ஸ்ரேண்டர் கட்டளை எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் மட்டும் வேலை செய்யும், புதிய வேலேண்டில் பலிக்காது. எக்ஸ்11-ல் திருப்பிய பின் விரல் தொட்ட இடம் ஒன்று, சுட்டி போகும் இடம் வேறு என்றால் எக்ஸ்இன்புட் கட்டளையின் மேப்-டு-அவுட்புட் கொண்டு டச்சைத் திரையோடு மறுபடி கட்டிவிடுங்கள்.